முறைப்பெயர்கள் தேயும் காலம்

சொல்லின் முதலில் குற்றியலுகரம் முறைப்பெயரிடத்து வரும் என்கிறார் தொல்காப்பியர். உரையாசிரியர்கள் அதற்குக் காட்டும் சான்று ‘நுந்தை’ என்னும் சொல்லாகும். என் தந்தை எந்தை. உன் தந்தை நுந்தை. அவன் தந்தை தந்தை. அவ்வாறே யாய், ஞாய், தாய் என்பனவும். இன்று தந்தை, தாய் என்னும் சொற்களே எல்லார்க்கும் பொதுவாய் எஞ்சியுள்ளன. சொற்கள் மறைந்தாலும் உறவுகள் மறையவில்லை. ஆனால், முறைப்பெயரோடு அம்முறைக்கு உரியவரே இல்லாமற்போகும் நிலை நம் காலத்தில் உருவாகி வருகிறது.

விருத்தாசலத்திற்கும் உளுந்தூர்பேட்டைக்கும் இடையிலுள்ள மங்கலம்பேட்டையில் 1980களில் நான் வளர்ந்தேன். பெரியத்தா, அத்தா, சாச்சா ஆகிய மூவர் குடும்பங்களும் ஒரே அடுப்பில் உண்டன. கணவரை இழந்த மாமியும் எங்களோடு இருந்தார். அனைவர்க்கும் தலைவி நன்னி. அத்தா கண்டித்தால் பெரியம்மாவின் முந்தானையில் ஒளிந்துகொள்ளலாம். அத்தாவிடம் சொல்ல அஞ்சியதைச் சாச்சாவிடம் சொல்லலாம். முறைப்பெயர் வெறும் விளிச்சொல் அன்று. யாரிடம் எவ்வளவு உரிமை கொள்ளலாம் என்பதற்கான இலக்கணம்.

சாச்சா குவைத்தில் பணிபுரிந்தார். 1990 ஆகஸ்டில் ஈராக் படை அந்நாட்டினுள் புகுந்தபோது வெறுங்கையோடு ஊர் திரும்பினார். அவர் மீண்டும் பயணமாகும் வரை, அவர் குடும்பம் பசியறியாமல் இருந்தது அந்த ஒற்றை அடுப்பினால்தான். பின்னர் அவர் ஈட்டிய பொருளில் தனி வீடு எழுந்தது. பெரியத்தாவின் பிள்ளைகள் சென்னையில் படித்து அங்கேயே தங்கினர். எங்கள் குடும்பம் பூசலால் பிரியவில்லை, பிழைப்பால் பிரிந்தது.

அக்காலத்தைப் பொற்காலம் என்று மட்டும் புகழ்வது நேர்மையன்று. எல்லார்க்கும் பரிமாறிய பின்னரே அம்மா உண்டார். பெண்பிள்ளைகளின் படிப்பை எவ்வகுப்போடு நிறுத்துவது என்பதைப் பெரியவர்களே கூடி முடிவு செய்தனர். சிறு குடும்பம் பெண்களுக்கு மூச்சுவிட இடம் தந்தது என்பதை மறுக்கவியலாது.

எனினும், கணக்கு நம்மைச் சிந்திக்க வைக்கிறது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் ஒரு குடும்பத்தில் சராசரியாக நால்வர்கூட இல்லை. 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இங்கு ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகளே. எனக்கும் ஒரே மகள். அவள் மற்றொரு ஒற்றைப்பிள்ளையை மணந்தால், அவள் குழந்தைக்கு உடன்பிறப்பு வழியில் மாமாவும் இல்லை, சாச்சாவும் இல்லை, மாமியும் இல்லை.

இன்று அம்மா அவ்வீட்டில் தனியே வாழ்கிறார். தம்பி துபாயில், நான் பணியிடத்தில். பெற்றோரைப் பேணத் தவறும் பிள்ளைகளிடமிருந்து மாதம் 10,000 ரூபாய் வரை பெற்றுத்தர 2007ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்கிறது. ஆயினும், இரவில் காய்ச்சல் கண்டால் தலைமாட்டில் அமர ஆளனுப்ப எச்சட்டத்தாலும் இயலாது. அம்மாவுக்கு அதைச் செய்பவர், அடுத்த தெருவில் வாழும் மாமியின் மருமகள். இருவர்க்கும் இரத்த உறவில்லை; முறை இருக்கிறது.

இங்கேதான் தமிழ் நமக்கு வழிகாட்டுகிறது. ஆங்கிலம் ‘கசின்’ என்று ஒதுக்கும் பெரியத்தா மகனை நாம் அண்ணன் என்கிறோம். என் தம்பியின் மகனை என் மகள் ‘கசின்’ என்றால் அவளுக்கு உடன்பிறப்பு இல்லை. தம்பி என்றழைத்து, அம்முறைக்குரிய அன்போடு பழகினால், நாளை அவள் குழந்தைக்கு மாமா உண்டு.

மாணவச் செல்வங்களே! பழைய பெருவீடுகளை மீண்டும் எழுப்ப நம்மால் இயலாது. ஆனால், இவ்விடுமுறையில் உங்கள் வீட்டு மூத்தோரிடம் அமர்ந்து, யார் உங்களுக்கு என்ன முறை எனக் கேட்டு எழுதுங்கள். எழுதியவர்களுள் ஒருவரையேனும் நேரில் சென்று, அம்முறை சொல்லி அழையுங்கள்.