ஸ்க்ரூவும் கரும்புகையும்

டீசல் பம்ப்பில் டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஸ்க்ரூவின் ஓரத்தில் மெல்லிய கம்பி ஒன்றும் அதன் முனையில் ஈயச் சீலும் இருக்கும். சீல் அறுந்திருந்தால் யாரோ உள்ளே கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். திண்டிவனம் பக்கம் நான் பார்த்த பழைய 1035 டிராக்டர்களில் சீலோடு இருந்தவை அபூர்வம். பெரியப்பாவின் வண்டியிலும் வெறும் கம்பிதான் தொங்கிக்கொண்டிருந்தது.

சிவப்பு மாசி ஃபெர்குசன். 1960இல் சென்னையில் தொடங்கிய டாஃபே செய்த வண்டி, எஞ்சின் சிம்சனுடையது. சிம்சன் 1840இல் மதராஸில் குதிரை வண்டி கட்டிக்கொண்டிருந்த கம்பெனி. நூறு வருஷத்துக்கு மேல் கழித்து டீசல் எஞ்சினுக்கு வந்தது. மூன்று சிலிண்டர், சுமார் 2,400 சிசி, 35 ஹெச்.பி. ரகம். மல்லாட்டைக் கொல்லையில் கொத்துக்கலப்பை ஓட்டுகிற வரைக்கும் அதற்கு ஒரு குறையும் இல்லை. ஊருக்குள் ரோட்டவேட்டர் வந்தபிறகுதான் பெரியப்பாவுக்குப் பலத்தைக் கூட்டும் ஆசை பிடித்தது.

பஸ் ஸ்டாண்டு பக்கம் யாரோ ஒரு மெக்கானிக், "ஸ்க்ரூவ அரை ரவுண்டு திருப்பிவிட்டா அஞ்சு ஹெச்.பி. ஏறும்ண்ணா" என்று சொல்லித் திருப்பியும் விட்டார். ஏறியது உண்மை. ரோட்டவேட்டர் மண்ணில் இறங்கும்போது முன்போல் எஞ்சின் திணறவில்லை. சைலன்ஸரில் மட்டும் கரும்புகை எழும்பி நின்றது. ஊரில் அதைப் பார்த்து, வண்டிக்குப் பலம் வந்துவிட்டதாகச் சொன்னவர்களும் உண்டு.

விழுப்புரத்தில் பம்ப் வேலை செய்த பாய் ஒருவர் இருந்தார். அவர் கடையில், டீசலைப் பீச்சும் நாசிலைச் சோதிக்கிற டெஸ்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதே எனக்குப் பொழுதுபோக்கு. கைப்பிடியை அழுத்துவார். நல்ல நாசில் என்றால் 'கிர்ர்' என்று ஒரு சத்தம், கூடவே பனி போல டீசல். கெட்டது என்றால் சத்தமே வராது, நுனியில் சொட்டும். கையை நீட்டினால் அதட்டுவார். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைக் கிழித்து உள்ளே போய்விடும், பிறகு விரலை மறந்துவிட வேண்டியதுதான். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பீச்சலில்தான் எஞ்சினின் பலம் பாதி இருக்கிறது என்று எனக்குப் புரிந்தது அந்தக் கடையில்தான். சொட்டுகிற டீசல் முழுதாக எரியாது, எரியாதது பலமாகாது.

பலம் குறைவாக இருக்கிறது என்று கோர்ட்டுக்கோ சட்டசபைக்கோ போகமுடியுமா? அமெரிக்காவில் ஒருவர் போனார். நெப்ராஸ்காவைச் சேர்ந்த வில்மட் க்ரோசியர் என்ற விவசாயி, ஃபோர்டு என்ற பெயரைப் பார்த்து ஒரு டிராக்டர் வாங்கினார். அது ஹென்றி ஃபோர்டின் கம்பெனியே இல்லை. மினியாபோலிஸில் அதே பெயரை ஒட்டிக்கொண்டு நடத்திய வேறு கம்பெனி. வண்டி சொன்னதைச் செய்யவில்லை. மனுஷர் சட்டசபை உறுப்பினராகவும் இருந்ததால், சோதித்துப் பார்க்காத டிராக்டரை மாநிலத்தில் விற்கக்கூடாது என்று 1919இல் சட்டமே வந்துவிட்டது. நம் நாட்டில் அந்தச் சோதனை மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் நடக்கிறது. புது வண்டியின் ஹெச்.பி.யை அங்கே அளக்கலாம். இருபது வருஷம் கொல்லையில் உழைத்த வண்டியை யார் அளப்பது?

பாய் அளந்தார், கண்ணாலேயே. பெரியப்பாவின் வண்டியைக் கொண்டுபோனபோது அவர் முதலில் பம்ப்பைத் தொடவே இல்லை. ஏர் கிளீனரின் அடிச் சட்டியைக் கழற்றினார். எண்ணெய் இருக்கவேண்டிய இடத்தில் செம்மண் களி. டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7 மல்லாட்டை ரகங்களைத் தந்த ஆராய்ச்சி நிலையம் இருக்கிற திண்டிவனம் எங்கள் ஊர். சாகுபடிக்குக் குறைவில்லை, புழுதிக்கும் குறைவில்லை. "காத்தே போவல, டீசல ஊத்தி இன்னா பண்றது?" என்றார் பாய்.

கணக்கு போட்டால் அவர் சொன்னதுதான் வரும். 2,400 சிசி எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றினால் கிட்டத்தட்ட 2,400 லிட்டர் காற்றை உறிஞ்சவேண்டும். ஒரு கிலோ டீசல் முழுதாக எரியச் சுமார் 14.5 கிலோ காற்று வேண்டும். ஸ்க்ரூவைத் திருப்பினால் டீசல்தான் கூடும், காற்று கூடாது. மிஞ்சிய டீசல் கரியாக வெளியே வரும். அதோடு சிலிண்டருக்குள் சூடு ஏறி, பிஸ்டன் தலையும் ஹெட் கேஸ்கட்டும் தின்னப்படும். டர்போ இருந்தால் காற்றையும் சேர்த்துத் திணிக்கலாம். 1035இன் ரேடியேட்டரும் கிளட்ச்சும் அதற்காகச் செய்தவை அல்ல. பஞ்சாபில் டர்போ மாட்டிய வண்டிகளை ஒன்றோடொன்று கட்டி இழுக்கவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். டிராக்டர் சாகசத்தில் ஒருவர் இறந்தபின், 2023 அக்டோபரில் அந்த அரசு சாகசங்களைத் தடை செய்தது. எங்கள் பக்கத்துக்கு அந்தப் பைத்தியம் இன்னும் வரவில்லை.

பலம் ஹெச்.பி.யில் மட்டும் இல்லை என்று நினைக்கும்போது, முண்டியம்பாக்கம் ஆலைக்குக் கரும்பு ஏற்றிக்கொண்டு போகும் வண்டிகள் நினைவுக்கு வருகின்றன. மேட்டில் ஏறும்போது முன்சக்கரம் அந்தரத்தில் தூக்கும், ஆள் பம்பர்மேல் ஏறி உட்காருவான். அங்கே குறைவது ஹெச்.பி. இல்லை, முன்னால் எடை. வயலில் அதற்கு நேர்மாறு. பின்டயர் வழுக்கிக்கொண்டே இருக்கும், பலம் சேற்றில் போகும். ஹாரி ஃபெர்குசன் இதைத்தான் யோசித்தார். கலப்பையின் பாரத்தையே பின்சக்கரத்தின்மேல் விழவைக்கும் மூன்று முனை லிஃப்டைச் செய்தார். இருபத்துச் சொச்சம் ஹெச்.பி. கொண்ட அவருடைய சின்ன வண்டி 1946 முதல் பத்து வருஷத்தில் ஐந்து லட்சத்துக்கு மேல் விற்றது. பெரியப்பாவின் வண்டிக்கும் பாய் பின்டயரில் தண்ணீர் ஏற்றச் சொன்னார்.

ஏர் கிளீனர், டேப்பட், மூன்று நாசில். கடைசியில்தான் பம்ப்பை பெஞ்சில் ஏற்றி, அந்த அரை ரவுண்டைத் திரும்ப எடுத்தார். புகை நின்றது. ரோட்டவேட்டர் முன்னைவிட இலகுவாக ஓடியது. டீசல் செலவும் குறைந்தது. ஆனாலும் பெரியப்பாவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட இருந்தது, புகை இல்லாத வண்டியை அவர் முழுதாக நம்பவில்லை.

2023 ஜனவரி முதல் 50 ஹெச்.பி.க்கு மேற்பட்ட புது டிராக்டர்களுக்குப் புகைக் கட்டுப்பாடு இறுகிவிட்டது. அவற்றில் டீசலை அளப்பது பெரும்பாலும் கம்ப்யூட்டர், திருப்ப ஸ்க்ரூ கிடையாது. பழைய 1035 வைத்திருப்பவர்கள் மெக்கானிக் சீலை அறுக்குமுன் ஏர் கிளீனரைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். அதன்பிறகு டீசல் ஃபில்டர், டேப்பட், நாசில். இத்தனைக்கும் தேறவில்லை என்றால் லைனர் பிஸ்டன் தேய்ந்திருக்கிறது, காசைச் செலவழிக்க வேண்டிய இடம் அது. ஆறடி ரோட்டவேட்டரை மட்டும் அந்த வண்டியில் மாட்டாதீர்கள்.