டிக் கேட்ட நேரம்

அண்ணன் மகன் ரிஷிவந்தியத்து வீட்டு மொட்டை மாடியில் ஒரு ஜி.பி.எஸ். ஆன்டெனாவைக் கட்டிவிட்டான். கீழே அறையில் ஒரு சிவப்பு விளக்கு விநாடிக்கொரு தடவை மின்னுகிறது. அந்தத் துடிப்பு சில பத்து நானோவிநாடிக்குள் சரியாம். விநாடியை நூறு கோடியாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு நானோவிநாடி. எங்கள் ஊருக்குப் பேருந்து வரும் ஒழுங்கைப் பார்த்தவனுக்கு இது கொஞ்சம் அதிகப்படி.

துடிப்பில் குறையில்லை. அது வந்த நேரத்தைக் குறிப்பதில்தான் வம்பு. துடிப்பு கதவைத் தட்டும்போது கணினி வேறேதோ வேலையில் இருக்கும். கையிலிருப்பதை வைத்துவிட்டுத் தன் கடிகாரத்தைப் பார்ப்பதற்குள் சில மைக்ரோவிநாடிகள் போய்விடும். எப்போதும் ஒரே தாமதம் என்றால் கழித்துவிடலாம். வேளைக்கு ஒரு தாமதம்! அதனால் விவரம் தெரிந்தவர்கள், துடிப்பு எழும் கணத்திலேயே கடிகாரத்தின் எண்ணைப் பிடித்து வைக்கத் தனிச் சில்லு வைக்கிறார்கள். கணினி சாவகாசமாக வந்து அதைப் படித்துக்கொள்ளலாம்.

நுங்கம்பாக்கத்தில் 1792-இல் எழுந்த வானாய்வகத்தில் இந்த வேலையைக் காதுதான் செய்தது. தொலைநோக்கியின் கண்ணருகே மெல்லிய நூல்கள். பக்கத்தில் கடிகாரம் டிக் டிக் என்று அடிக்கும். பார்ப்பவர் டிக்குகளை மனத்துக்குள் எண்ணிக்கொண்டே, விண்மீன் நூலைத் தாண்டியது எந்த இரண்டு டிக்குகளுக்கு நடுவே, அதிலும் எத்தனையாவது பத்தில் ஒரு பங்கில் என்று சொல்ல வேண்டும். சிந்தாமணி இரகுநாதாச்சாரி அங்கே இரவிரவாக இப்படிப் பார்த்தவர். ஒரு விண்மீனின் ஒளி கூடிக் குறைவதை 1867-இல் கண்டுபிடித்தவரும் அவரே.

இதே வேலையில் இங்கிலாந்தின் கிரீன்விச் வானாய்வகத்தில் ஒருவர் பிழைப்பு போயிற்று. உதவியாளர் கின்னபுரூக் தம்மைவிட 0.8 விநாடி பிந்திக் குறிக்கிறார் என்று 1796-இல் வானாய்வகத் தலைவர் மாஸ்கலின் அவரை வீட்டுக்கு அனுப்பினார். மாஸ்கலின்தான் முந்துகிறாரோ என்று கேட்க அங்கே ஆளில்லை. கண்ணும் காதும் ஒத்துப்போக ஆளுக்கு ஆள் வேறு நேரம் பிடிக்கும் என்பதைப் பின்னாளில் ஜெர்மானிய வானியலர் பெசல் அளந்து காட்டினார். கின்னபுரூக்குக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. மேலதிகாரியின் கடிகாரம் எப்போதும் சரி; இந்த விதி மட்டும் இன்றும் துல்லியமாக ஓடுகிறது.

இரகுநாதாச்சாரி கண்ணால் கண்டதை நம்பியவர். வானத்தோடு ஒத்துப்போகாத பழைய வாக்கியக் கணக்கை விட்டுவிட்டுத் திருக்கணிதப் பஞ்சாங்கம் போட்டார். வாக்கியமா திருக்கணிதமா என்ற சண்டை எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் இன்னும் ஓயவில்லை. நாள் குறிக்கையில் கடிகாரத்தாலும் ஒரு வம்பு உண்டு. இந்திய நேரம் 82.5 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரியது. ரிஷிவந்தியம் 79-ஐ ஒட்டி இருக்கிறது. ஆக, சராசரியில் 12 மணிக்கு மேல் சுமார் 14 நிமிடம் கடந்துதான் இங்கே சூரியன் உச்சிக்கு வரும். நாள் குறிப்பவர் இதைக் கணக்கில் சேர்ப்பார். மண்டபக்காரர் சேர்க்க மாட்டார்.

இரகுநாதாச்சாரி 1880-இல் காலமானார். திருக்கணிதம் பார்த்து நாள் வைக்கும் வீட்டார் பத்திரிகை அச்சடிக்கும்போது ஒரு தடவையாவது அவரை நினைத்துக்கொள்ளட்டும்.