சுற்றாத திருகு

என் மகளின் தாடை நீளாமல் பாதியில் இறுகிப் போனதற்குக் காரணம் அறுவை மருத்துவர் அல்ல, நான்தான். எங்கள் சொந்தக்காரர்கள் இன்றுவரை அவருடைய கைராசியைத்தான் குறை சொல்கிறார்கள். அப்படி நம்பும்படி அவர்களை விட்டவனும் நானே.

சின்ன வயதில் மாடிப்படியிலிருந்து விழுந்தாள். மோவாயில் தையல் போட்டு அனுப்பினார்கள். மோவாயில் பட்ட அடி காதுக்கு முன்னாலிருக்கும் தாடை மூட்டை உடைத்துவிடும் என்பது எங்களுக்குத் தெரியாது. உடைந்த மூட்டில் எலும்பு வளர்ந்து கபாலத்தோடு ஒட்டிக்கொண்டது. வாய் திறப்பது வரவரக் குறைந்து, கடைசியில் பல்லிடுக்கில் கஞ்சியும் பாலும்தான் போயிற்று. மூட்டு முடங்கினால் கீழ்த்தாடையும் வளராது. மோவாய் உள்வாங்கியது, நாக்குக்கு இடமில்லை. ராத்திரி மல்லாந்து படுத்தால் குறட்டை; திடீரென்று மூச்சு நின்றுபோகும். உலுக்கி எழுப்பி உட்கார வைப்போம்.

முதலில் தாடையை நீட்டலாம், மூச்சு சீரானதும் மூட்டை விடுவிக்கலாம் என்றார் டாக்டர். எலும்பை எப்படி நீட்டுவது என்று விழித்தேன். பொறுமையாகச் சொன்னார். சைபீரியாவின் குர்கான் நகரில் இலிசரோவ் என்ற மருத்துவர் 1950களில் கை, கால் எலும்புகளில் கண்ட வழி இது. எலும்பை வெட்டி, ஐந்தாறு நாள் சும்மா விட்டால் வெட்டில் இளந்திசு உண்டாகும். அது இறுகுமுன் இரு முனைகளையும் மெல்ல விலக்கினால், விலகுகிற இடமெல்லாம் புது எலும்பு பிறக்கும். நாளைக்கு 1 மில்லிமீட்டர். வேகம் மிஞ்சினால் எலும்பு சேராது. பின்தங்கினால் வேளைக்கு முன்பே இறுகிவிடும். எலும்போடு தசையும் தோலும் நரம்பும் சேர்ந்து நீளும் என்பதுதான் இதன் பெருமை. நியூயார்க்கின் ஜோசப் மெக்கார்த்தி 4 குழந்தைகளின் கீழ்த்தாடையை இப்படி நீட்டி 1992இல் அறிக்கை வெளியிட்ட பிறகு, முகத்துக்கும் இது பரவியது. நாக்கு பின்னுக்குச் சரிந்து மூச்சடைக்கிற பச்சைக் குழந்தைகள் பலர் இன்று தொண்டையில் துளை போடாமலே பிழைப்பது இதனால்தான்.

அறுவை முடிந்ததும் என் கையில் ஒரு சின்னத் திருப்புளியும் கட்டம் போட்ட ஒரு தாளும் வந்தன. தாடைக்குக் கீழே, தோலுக்கு வெளியே இரு பக்கமும் கம்பி முனை நீட்டிக்கொண்டிருந்தது. காலையில் அரை மில்லிமீட்டர், மாலையில் அரை. அம்புக்குறி காட்டும் திசையில் சுற்றிவிட்டுத் தாளில் குறியிட வேண்டும். "இதுக்கப்புறம் வைத்தியம் உங்க கையில்தான் சார்," என்றார். மனைவிக்குப் பார்க்கவே முடியவில்லை. அந்த நேரத்தில் சமையலறைக்குள் போய்விடுவாள். நான் திடமானவன் என்று பொறுப்பை வாங்கிக்கொண்டேன்.

முதல் சில நாள் ஒழுங்காகச் சுற்றினேன். அப்புறம் தாடை விறுவிறுவென்று இழுக்கத் தொடங்கியது. என்னைக் கண்டாலே தலையணையில் முகம் புதைப்பாள். "இன்னைக்கு மட்டும் வேண்டாம்ப்பா," என்று பல்லைக் கடித்தபடியே கெஞ்சினாள். வாய் திறக்காத பிள்ளை வேறு எப்படிக் கெஞ்சும்? அன்று மாலை சுற்றவில்லை. தாளில் குறி மட்டும் போட்டேன். சமையலறைப் பக்கம் திரும்பி "ஆச்சு" என்றேன்.

அதை இரக்கம் என்று வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரக்கம் இல்லை. அவள் என்னைப் பார்த்து மிரள்வதை என்னால் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான். வலி மாத்திரையை முன்கூட்டியே கொடுத்துவிட்டுச் சுற்றலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதைக்கூட ஒழுங்காகச் செய்யவில்லை. ஒரு வேளை விட்டது பல வேளையாயிற்று. வாராந்தரப் பரிசோதனைக்குப் போனால் எக்ஸ்ரே காட்டிக்கொடுத்துவிடும் என்று, ஆபீஸில் லீவு இல்லை என்று சொல்லி அதையும் தள்ளிப்போட்டேன். பயந்துபோய் மறுபடி சுற்ற உட்கார்ந்தபோது திருகு அசையவில்லை. பலம்கொண்டு அழுத்தினேன், அவள் அலறினாள். பிள்ளைகளின் எலும்பு எவ்வளவு சீக்கிரம் கூடிவிடும் என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

திரும்பவும் எலும்பை வெட்ட வேண்டியதாயிற்று. வாய் திறக்காத குழந்தைக்கு மயக்க மருந்து கொடுப்பது சாதாரணக் காரியமில்லை. மூக்கு வழியே கேமரா வைத்த மெல்லிய குழாயை விட்டு, மூச்சுப்பாதையைத் தேடித்தான் சுவாசக்குழாயைச் செலுத்த வேண்டும். அந்த ஆபத்துக்குள் அவளை இரண்டாம் முறை தள்ளியவன் நான். தாளைப் புரட்டிப் பார்த்த டாக்டர், எல்லாக் கட்டத்திலும் குறி இருப்பதைக் கண்டு தன் மேல்தான் சந்தேகப்பட்டார். வெட்டு முழுமையாக விழவில்லையோ, கருவியில் கோளாறோ என்று தன் குழுவினரிடம் அவர் பேசிக்கொண்டிருந்ததை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். வாயைத் திறக்கவில்லை.

அதே வார்டில் க்ரூசான் என்ற குறைபாடுள்ள ஒரு பையன் இருந்தான். நடுமுகம் வளராமல் கண்கள் பிதுங்கியிருந்தன. தலையைச் சுற்றிச் சட்டம் பொருத்தி, முகத்து எலும்பை முன்னுக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள். அவன் அம்மா வேளை தவறாமல் சுற்றுவார். பையன் அழுவான், அவரும் அழுவார், கை மட்டும் நிற்காது. அவரைப் பார்க்கக் கூசி, வராந்தாவில் போய் நின்றுகொள்வேன்.

இரண்டாம் முறை திருகைச் சுற்றியது என் மனைவி. தாடை நீண்டது, ராத்திரி மூச்சு நிற்பது போயிற்று, பிறகு மூட்டையும் விடுவித்தார்கள். இப்போது இட்லியை விண்டு வாயில் போட்டுச் சாப்பிடுகிறாள். மனைவியிடம் உண்மையைச் சொன்னேன். அவள் பல நாள் என்னோடு பேசவில்லை. அதற்கப்புறம்தான் டாக்டரிடம் போனேன். அவர் கோபப்படவில்லை. "முதல் ரெண்டு நாள்லயே சொல்லியிருந்தா வேகத்தைக் கூட்டிச் சரிபண்ணியிருக்கலாமே சார்," என்றார். ஒரு போன் செய்திருந்தால் போதுமாயிருந்தது என்பதை அதுவரை நான் யோசித்துக்கூடப் பார்க்கவில்லை.

அக்கா வீட்டிலும் மாமனார் வீட்டிலும் இன்னும் சொல்லவில்லை. போன மாதம்கூட அக்கா ஒருவருக்கு "அந்த டாக்டர்கிட்ட மட்டும் போகாதீங்க" என்று சொல்லியிருக்கிறார். யாரிடம் சொன்னார் என்று கேட்டு, அவர்கள் வீட்டுக்கு நானே நேரில் போய் நடந்ததைச் சொல்ல வேண்டும்.