இல்லாத ஊர்

நாவல் எழுதுகிறவனுக்கு ஊர்களை உண்டாக்குவது தொழில். ஆற்றங்கரையில் ஒரு கோயில், ஒரு சந்தை, ஒரு ரயில் நிலையம் என்று காகிதத்தில் எழுப்பிவிட்டால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. தேசப்படம் வரைகிறவர்களும் இந்தத் தொழிலில் இறங்கியதுண்டு என்று அறிந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் பொறாமையும் வந்தது.

1930-களில் அமெரிக்காவில் ஜெனரல் டிராஃப்டிங் என்ற கம்பெனியார், நியூயார்க் மாகாணத்துப் பாதை ஒன்றில் 'அக்லோ' என்று ஓர் ஊரைப் படத்தில் போட்டார்கள். அங்கே ஊரும் இல்லை, பேரும் இல்லை. கம்பெனியின் தலைவர், அவருடைய உதவியாளர், இருவர் பெயர்களின் முதலெழுத்துக்களையும் கலைத்துப் போட்டுச் செய்த பெயர் அது. படத்தை யாராவது திருடி அச்சிட்டால் அக்லோவும் கூடவே போகும், கள்ளன் அகப்பட்டுக்கொள்வான். பிற்பாடு வேறொரு கம்பெனியின் படத்தில் அக்லோ வந்தது. பிடித்துக்கொண்டார்கள். அவர்களோ, அந்த இடத்தில் அக்லோ என்ற பெயரில் ஒரு கடையே இருக்கிறதே என்றார்கள். வாஸ்தவந்தான். படத்தைப் பார்த்து யாரோ அங்கே கடை வைத்து, அந்தப் பெயரையே சூட்டியிருந்தார்!

வேடிக்கைதான். ஆனால் அந்தக் கடை வருவதற்கு முன்னால், இருட்டுகிற வேளையில் அக்லோவை நம்பிப் பெட்ரோல் தேடிப் போனவன் கதி என்ன? என் நாவலை நம்பி யாரும் வண்டி கட்டிக்கொண்டு புறப்படுவதில்லை. தேசப்படத்தை நம்பிப் புறப்படுகிறார்கள்.

பொய் ஊர் இல்லாமலே கள்ளனைப் பிடிக்கலாம். பிரிட்டனின் ஆர்ட்னன்ஸ் சர்வே, சாலைக் கோட்டின் அகலம் போன்ற அற்ப வித்தியாசங்களைத் தன் அடையாளமாகக் காட்டி வழக்காடியது. 2001-ல் ஆட்டோமொபைல் அசோசியேஷன் 2 கோடி பவுன் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டது.

இப்போது படம் காகிதத்தை விட்டுக் கைபேசிக்கு வந்துவிட்டது. தொட்டால் பெரிதாகிறது, இழுத்தால் நகர்கிறது. அந்தப் படத்தோடு ஒவ்வோர் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகைக் கணக்கும் சேர்ந்து வந்தால், அத்தனையையும் ஓர் இரவில் இயந்திரம் வாரிக்கொண்டு போய்விடும். கடவுச்சொல்லும் காவலும் கள்ளனைச் சற்றுத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். போகக் கூடாத கணக்கை முதலிலேயே அனுப்பாமல் இருப்பதுதான் பத்திரம்.

சில சமயம் இதில் உயிர்களே போகின்றன. 1999-ல் சீனாவின் தெற்குப் பகுதியில் கண்டுபிடித்த ஒரு பல்லியைப் பற்றி விஞ்ஞானிகள் இடத்தோடு எழுதினார்கள். ஆசைக்கு வளர்ப்பவர்கள் நல்ல விலை கொடுத்தார்கள். பிடிக்கிறவர்கள் போய், அந்த இடத்தில் அந்தப் பல்லியே இல்லாமல் செய்துவிட்டார்கள். 2015-ல் அதே வகையில் இரண்டு புதுப் பல்லிகளைப் பற்றி எழுதியவர்கள், இடத்தை வெளியிடப்போவதில்லை என்று காரணத்தோடு சொல்லிவிட்டார்கள். 'ஐநேச்சுரலிஸ்ட்' என்ற இணையப் படமும், அருகிவரும் உயிர்கள் இருக்கும் இடத்தைச் சுமார் 20 கிலோமீட்டர் சதுரத்துக்குள் எங்கோ என்று மங்கலாக்கியே காட்டுகிறது. மங்கலாக்கியிருக்கிறோம் என்பதையும் அங்கேயே சொல்லிவிடுகிறது.

எனக்கு இந்த நாணயம் பிடித்திருக்கிறது. விருந்தாளியைக் கூடத்தில் உட்கார வைக்கிறோம். இரும்புப் பெட்டி இருக்கும் உள்ளறையைத் திறந்து காட்டுவதில்லை. அதற்காக அப்படி ஓர் அறையே இல்லை என்று சாதிப்பதும் இல்லை. படம் வெளியிடுகிறவர்கள் மறைக்க வேண்டியதைச் சொல்லிவிட்டு மறைக்கட்டும். இல்லாத ஊர்களை எங்களிடம் விட்டுவிடட்டும்.