சுவரில் அம்மா பெயர்

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் பல வீடுகளில் சுவரில் சிவகாசி காலண்டர் தொங்கும். வாசலில் தாத்தா பெயரோ அப்பா பெயரோ இருக்கும். அம்மா பெயர்? ரேஷன் கார்டில் இருக்கும்... அத்தோடு சரி.

அதை வாட்டர் கலரில் எழுதி மாட்டலாமே! பெரிய செலவில்லை. கெட்டியான டிராயிங் பேப்பர், ஒரு ரவுண்ட் பிரஷ், கலர் டப்பா போதும்.

பென்சிலால் பெயரைப் பெரிதாக, லேசாக வரையுங்கள். முதல் எழுத்தை மட்டும் வெறும் தண்ணீரால் நனையுங்கள். ஈரம் இருக்கும்போதே ஒரு முனையில் நீலம், மறுமுனையில் பச்சை தொட்டு வையுங்கள். இரண்டும் தாமாகவே கலக்கும். ஈரம் இருக்கும் வரைதான் கலர் ஓடும், கோட்டைத் தாண்டாது. ஆனால் கரிசல் காட்டு வெயிலில் பேப்பர் சட்டென்று காய்ந்துவிடும். அதனால் காலையிலேயே, ஃபேனை நிறுத்திவிட்டு, ஒவ்வோர் எழுத்தாக எழுதுங்கள்.

நல்ல வாட்டர் கலரைப் பேப்பரில் பிடித்து வைப்பது மரப்பிசின்தான். ஆப்பிரிக்காவில் கிடைக்கும் அந்தப் பிசின் மரம், இங்கே கண்மாயில் நிற்கும் கருவேலத்துக்குச் சொந்தக்காரன்!

காய்ந்ததும் வெயில் படாத சுவரில் மாட்டுங்கள், இல்லாவிட்டால் வெளுத்துவிடும். "எதுக்குடா இதெல்லாம்?" என்பார் அம்மா. வீட்டுக்கு யாராவது வந்தால் முதலில் அதைத்தான் காட்டுவார்.