ஹீர் இருந்த வீடு

டெல்லி லாஜ்பத் நகரில் நான் குடியிருந்த பர்சாத்தியின், அதாவது மொட்டைமாடி அறையின், வீட்டுக்காரர்கள் 1947-ல் லாயல்பூரிலிருந்து அகதிகளாக வந்த சீக்கியர்கள். வீட்டுப் பெரியவர் பாவுஜி அங்கிருந்து கொண்டுவந்தவற்றில் மிஞ்சியிருந்தது வாரிஸ் ஷாவின் ‘ஹீர்’ மட்டும்தான். 1766-ல் இயற்றப்பட்ட அந்தப் பஞ்சாபிக் காதல் காவியம் உருது எழுத்தில் அச்சான, அட்டை கிழிந்த பிரதி. அவர் தலைமுறைப் பஞ்சாபி ஆண்கள் பலரும் பள்ளியில் உருது படித்தவர்கள். அவர் மனைவி பீஜிக்குத் தெரிந்தது குருத்வாராவில் கற்ற குர்முகி எழுத்து. காலமெல்லாம் ஒரே மொழி பேசிக் குடித்தனம் நடத்தியவர்கள், ஒருவர் புத்தகத்தை மற்றவர் படிக்க முடியாது. குளிர்காலத்து மத்தியானங்களில் மாடி வெயிலில் உட்கார்ந்து பாவுஜி ராகம் போட்டு வாசிப்பார். பட்டாணி உரித்துக்கொண்டிருக்கும் பீஜி அடுத்த அடியை முந்திக்கொண்டு சொல்லிவிடுவார்.

இந்திரா காந்தி தன் சீக்கிய மெய்க்காவலர்களால் சுடப்பட்ட மறுநாள், 1984 நவம்பர் 1. மாடியில் நின்று பார்த்தால் நாலாபக்கமும் புகை. வாக்காளர் பட்டியலை வைத்துக்கொண்டு சர்தார்களின் வீடுகளைத் தேடுகிறார்கள் என்று பால்காரர் சொல்லிவிட்டுப் போனார். பக்கத்து வீட்டு இந்துப் பஞ்சாபி, அவரும் 1947-ல் வந்தவர்தான், ஓடிவந்து வாசலில் இருந்த பெயர்ப்பலகையைப் பிடுங்கி எடுத்தார். பாவுஜி, பீஜி, மகன் மூவரையும் என் அறைக்குள் விட்டுப் பூட்டிவிட்டுக் கீழே வந்து நின்றேன். கையில் இரும்புத் தடிகளோடு வந்தவர்கள் யார் வீடு என்று கேட்டார்கள். என் வீடு என்றேன். என் ஹிந்தியைக் கேட்டதும் “மதராஸி” என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டு நகர்ந்தார்கள். அடுத்த தெருவில் டாக்சி ஒன்று எரிந்தது.

அன்றிரவு பீஜி மகனின் முடியை வெட்டினார். தையல் கத்தரிக்கோல், மொத்தமான முடிக்கு அது போதவில்லை. ஒவ்வொரு கற்றையையும் அறுப்பதுபோலத்தான் வெட்ட வேண்டியிருந்தது. பிறந்ததிலிருந்து கத்தரி படாத முடி, கடுகெண்ணெய் வாசத்தோடு, கீழே விரித்திருந்த துப்பட்டாவில் விழுந்தது. மகன் கண்ணைத் திறக்கவில்லை. “லாயல்பூரை விட்டு வந்தபோதுகூட இது நடக்கவில்லையே” என்றார் பாவுஜி.

டெல்லியில் மட்டும் 2,733 பேர் கொல்லப்பட்டதாக அரசுக் கணக்கு. யமுனைக்கு அந்தப் பக்கம் திரிலோக்புரி 32-ஆம் பிளாக்கில் ஆண்களைத் தேடித் தேடிக் கொன்றார்கள். எங்கள் வீட்டில் எல்லோரும் பிழைத்தோம். அதை நினைத்து ஆறுதலடைய இன்றும் எனக்கு மனம் வருவதில்லை.

மகன் கனடா போய் பிராம்ப்டனில் லாரி ஓட்டினார். பாவுஜி போக மறுத்துவிட்டார். இன்னொரு தரம் மூட்டை கட்ட மாட்டேன் என்றார். அவர் காலத்துக்குப் பிறகு பீஜியோடு புத்தகமும் பிராம்ப்டன் போயிற்று. பேத்தி குருத்வாரா வகுப்பில் குர்முகி படிக்கிறாள். தாத்தாவின் ஹீரைப் படிக்க வீட்டில் ஆளில்லை. கூட லாரி ஓட்டும் லாகூர்க்காரர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து வாசிக்கிறாராம். பேத்தி குர்முகியில் எழுதிக்கொள்கிறாள்.

எல்லைக்கோடு விழுந்தபின் ஒரே மொழிக்கு இந்தப் பக்கம் குர்முகி, அந்தப் பக்கம் உருது எழுத்தான ஷாமுகி என்று ஆகி, இங்கே எழுதுவதை அங்கே படிக்க ஆளில்லாமல் போயிற்று. வான்கூவரிலிருந்து வழங்கப்படும் தாஹான் பரிசு 2014 முதல் இரண்டு எழுத்திலும் வரும் பஞ்சாபிப் புனைகதைகளை ஒன்றாகப் பரிசீலிக்கிறது. முதல் பரிசு 25,000 கனடிய டாலர். டெல்லியும் லாகூரும் சேர்ந்து என்றைக்கோ செய்திருக்க வேண்டிய காரியம். கடல் கடந்து போனவர்கள் செய்கிறார்கள் என்பதில் எனக்குச் சந்தோஷம்தான், ஆனால் வயிறும் எரிகிறது.

மகன் மறுபடி முடி வளர்த்துத் தலைப்பாகை கட்டுகிறார். ஊருக்கு வரும்போதெல்லாம் நேரே அமிர்தசரஸில் இறங்கி, அங்கிருந்தே திரும்பிவிடுவார். என் வீட்டுக்கு வரும்படி போனில் கூப்பிட்டேன்.

“நீங்கள் பஞ்சாபுக்கு வாருங்கள், பாய் சாப். டெல்லி மட்டும் வேண்டாம்” என்றார்.