பூனை நகமும் பிரம்பு நாற்காலியும்

செஞ்சி என்றாலே எல்லோருக்கும் நினைவுக்கு வருவது கோட்டையும் ராஜா தேசிங்கும்தான். 2025-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த 12 மராட்டியக் கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான். அங்கே போகிறவர்கள் ராஜகிரி உச்சியைப் பார்த்தபடியே நடப்பார்கள். அடிவாரத்து நெற்களஞ்சியத்தை யாரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. ஆனால் முற்றுகை என்று வந்துவிட்டால் பீரங்கி மட்டும் போதுமா? நெல்லும் வேண்டுமே!

நெல் இருந்தால் எலி வரும். எலி வந்தால் பூனை வரும். மனிதனும் பூனையும் சேர்ந்ததே இப்படித்தான் என்கிறார்கள் ஆய்வாளர்கள். சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 வருடப் பழைய புதைகுழி ஒன்றில் மனிதனுக்குப் பக்கத்திலேயே ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருந்தது.

இன்றும் செஞ்சி நெல் வியாபாரம் நடக்கும் ஊர். மூட்டை அடுக்கிய வீட்டுக்குப் பூனை வேண்டும். அதே பூனை தாத்தா காலத்துப் பிரம்பு நாற்காலியைப் பிறாண்டிவிட்டால்? சாக்கில் கட்டி ஊருக்கு வெளியே விட்டுவிடுவார்கள்! பட்டினி கிடக்கும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பது பலருக்குத் தெரியாது.

பூனை திமிரில் பிறாண்டுவதில்லை. நகத்தின் மேல் பழைய உறை கழல வேண்டும், தூங்கி எழுந்ததும் உடம்பை நீட்டி முறிக்க வேண்டும், பாதத்தில் இருக்கும் வாசனைச் சுரப்பிகளால் "இது என் இடம்" என்று அடையாளம் வைக்க வேண்டும். இதற்கெல்லாம்தான் பிறாண்டுகிறது. அடித்தால் பயம் வருமே தவிர, பழக்கம் போகாது.

அப்போ என்னதான் செய்வது? ஒரு கட்டையில் சணல் கயிற்றை நெருக்கமாகச் சுற்றி, பூனை முழு உடம்பையும் நீட்டும் உயரத்துக்கு ஆடாமல் நிறுத்துங்கள். அதை மூலையில் ஒளித்து வைக்காமல், அந்த நாற்காலிக்குப் பக்கத்திலேயே வையுங்கள். நாற்காலியைக் கொஞ்ச நாள் கெட்டித் துணியால் மூடி வைக்கலாம். நகத்தின் நுனியை மட்டும் வெட்டலாம். உள்ளே ரோஸ் நிறத்தில் தெரிவது ரத்தக்குழாய், அதைத் தொடக்கூடாது. விரட்டுகிறேன் என்று அந்துருண்டை, பினாயில் பக்கம் போகவே வேண்டாம். இரண்டுமே பூனைக்கு விஷம்.

பூனை கட்டைக்குப் பழகிய பிறகுதான் ரிப்பேர். இல்லாவிட்டால் செலவு வீண். மரத்தில் விழுந்த கீறலை ரேகை போகும் திசையிலேயே உப்புத்தாளால் தேய்த்து, பள்ளத்தில் மரத்தூளும் பெவிகாலும் குழைத்து அடைத்து, காய்ந்ததும் மறுபடி தேய்த்து வார்னிஷ் அடிக்கலாம். அறுந்த பிரம்பை ஒட்ட முடியாது. புதுப் பிரம்பைத் தண்ணீரில் ஊறவைத்துப் பின்ன வேண்டும், காயும்போது அதுவே இறுகிக்கொள்ளும்.

எலியைப் பிடிக்கிற நகமும் நாற்காலியைக் கிழிக்கிற நகமும் ஒன்றுதானே! நாற்காலியை மறுபடி பின்னிவிடலாம். சாக்கில் கட்டி விட்டுவந்த பூனை திரும்பி வருமா?